ரோசினியை அவமதித்தது யார்?

கேள்வி: பக்ஸ் பன்னி கார்ட்டூன்களில் வாக்னர், ரோசினி போன்ற மேதைகளின் ஓபரா இசையை எடுத்து, முயலும் வேட்டைக்காரனும் அடித்துக்கொள்வதற்குப் பின்னணியாகப் போட்டிருக்கிறார்கள். பெரிய கலையை இப்படிச் சிரிப்புப் பொருளாக்குவது அவமதிப்பு ஆகாதா? என் பேரனோ இதைத்தான் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் பார்க்கிறான்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: ஆகாது. அந்த இசையை அவ்வளவு கூர்ந்து கேட்டவர்கள் ஓபரா ரசிகர்களிலேயே குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் கட்சி.

சக் ஜோன்ஸ் இயக்கி 1950இல் வந்த 'ராபிட் ஆஃப் செவில்' படத்தைப் பேரனோடு உட்கார்ந்து இன்னொரு தடவை பாருங்கள். துப்பாக்கியோடு துரத்திவரும் எல்மர், முயலின் பின்னாலேயே ஒரு திறந்தவெளி அரங்கின் மேடைக்கு வந்துவிடுகிறான். திரை ஏறுகிறது. ரோசினியின் 'செவில் நகர நாவிதன்' ஓபராவின் ஓவர்ச்சர், அதாவது கதை தொடங்குமுன் வாத்தியக்குழு மட்டும் வாசிக்கும் இசை, ஆரம்பிக்கிறது. முயல் அவனை நாற்காலியில் தள்ளி, வழுக்கைத் தலையைப் பிசையத் தொடங்குகிறது. மெட்டின் ஒவ்வொரு துள்ளலுக்கும் ஒரு தட்டு, ஒரு உருட்டு. கை போதாமல் காலும் தலைமேல் ஏறுகிறது. முடிவு நெருங்க நெருங்கக் கோடரி, அதைவிடப் பெரிய கோடரி, துப்பாக்கி, பீரங்கி என்று ஆயுதங்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. ஒரே சிறு மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கவிட்டு, சுற்றுக்குச் சுற்று வாத்தியங்களைச் சேர்த்து ஒலியை ஏற்றிக்கொண்டு போவது ரோசினியின் கைவரிசை. அவர் ஒலியில் செய்ததைத்தான் ஜோன்ஸ் ஆயுதங்களில் செய்திருக்கிறார்.

இது தானாக அமைவதில்லை. திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள், ஓடுகின்றன. நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம். முயலின் கை சரியாக அந்த 12ஆவது ஃபிரேமில் தலையில் இறங்க வேண்டும்; இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனாலும் சிரிப்பு செத்துவிடும். அசைவு ஒவ்வொன்றையும் இசையோடு எண்ணிப் பார்த்து, அதன் பிறகே கையால் வரைந்தார்கள். அசிரத்தை உள்ளவன் இந்த வேலைக்கு வரமாட்டான்.

அவமதிப்பு என்று சொல்லுமுன் ரோசினி என்ன செய்தார் என்றும் பாருங்கள். இந்த ஓவர்ச்சர் நாவிதனுக்காக எழுதப்பட்டதே இல்லை. ரோமானியப் பேரரசன் பல்மைரா அரசியோடு போரிடும் கதைக்கு 1813இல் மிலானில் வாசிக்கப்பட்டது. 1815இல் நேப்பிள்ஸில், இங்கிலாந்து ராணி எலிசபெத்தைப் பற்றிய ஓபராவுக்குச் சில மாற்றங்களோடு மறுபடி வந்தது. 1816இல் ரோமில் நாவிதனிடம் போய்ச் சேர்ந்தது. இயற்றியவரே போர்க்களத்திலிருந்து அரண்மனைக்கும், அங்கிருந்து சலூனுக்கும் கொண்டுபோன இசை இது. முயல் கைக்கு வந்தால் மட்டும் தீட்டுப்பட்டுவிடுமா?

வாக்னர் விஷயம் இதைவிட ஆழமானது. 1957இல் வந்த 'வாட்ஸ் ஓபரா, டாக்?' ஏழு நிமிடம்கூட ஓடாது. ஒதுக்கிய ஐந்து வாரம் போதாமல், தன்னுடைய இன்னொரு கார்ட்டூன் வரிசையான ரோட் ரன்னர் படம் ஒன்றின் கணக்கில் நேரத்தை எழுதி ஏழு வாரம் உழைத்ததாக ஜோன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதல் காட்சியில் மலைச்சுவர் முழுக்க ஒரு ராட்சத நிழல் கையை உயர்த்துகிறது, மின்னல் அதன் சொல்லைக் கேட்கிறது. கேமரா கீழே இறங்கினால், கொம்பு வைத்த தொப்பியோடு குட்டையாக எல்மர் நிற்கிறான். வாக்னரின் பிரம்மாண்டத்துக்கும் மனிதனின் அளவுக்கும் உள்ள தூரத்தை ஒரே ஷாட்டில் காட்டிவிட்டார்கள். அவனுடைய வீரத்தை முயல் புகழ்ந்து பாடும் மெட்டு எது தெரியுமா? 'ஜீக்ஃப்ரீட்' ஓபராவில் நாயகன் ஊதும் கொம்பிசை. முயலைக் கொல்வேன் என்று எல்மர் ஆவேசப்படுவது, குதிரையேறி வரும் போர்க்கன்னிகளுக்காக வாக்னர் எழுதிய 'வால்கிரிகளின் சவாரி' மெட்டில். முயல் பெண் வேஷம் கட்டி வந்ததும் இருவரும் காதலித்துப் பாடுவதோ, 'டான்ஹாய்சர்' ஓபராவில் பாவம் தொலைக்கப் போன யாத்திரிகர்கள் பாடும் மெட்டு. எந்த மெட்டு எங்கே பொருந்தும், எங்கே முரணாக நின்று சுவை கூட்டும் என்று தெரிந்து தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கடைசியில் செத்துக் கிடக்கும் முயலை ஏந்திக்கொண்டு எல்மர் அழுதபடி மலையேறுகிறான். அங்கே எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது. அடுத்த நொடி முயல் தலையை நிமிர்த்தி, ஓபராவில் சுபமான முடிவையா எதிர்பார்த்தீர்கள் என்று நம்மைக் கேட்கிறது. 1992இல் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இந்தப் படத்தைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. சேர்க்காவிட்டாலும் என் மதிப்பு குறைந்திருக்காது.

அவமதிப்பை எங்கே தேட வேண்டும் என்றும் சொல்கிறேன். டெக்ஸ் ஏவரி என்ற இன்னொரு இயக்குநரின் 'மேஜிக்கல் மேஸ்ட்ரோ' (1952) கார்ட்டூன் இதே நாவிதன் ஓபராவின் பாட்டை ஒரு மேடைப் பாடகனுக்குக் கொடுக்கிறது. மந்திரவாதி ஒருவன் கோலை அசைக்க அசைக்கப் பாடகனின் வேஷம் மாறிக்கொண்டே இருக்கிறது. கற்பனையும் வேகமும் அபாரம். ஆனால் அந்த வேஷங்களில் சீனரும் கறுப்பரும் கேலிச்சித்திரமாக வந்து போகிறார்கள். மனிதர்களின் முகத்தையும் நிறத்தையும் நகைச்சுவைக்குத் தீனியாக்கியது அவமதிப்பு. அதில் காயப்பட்டவர் ரோசினி அல்லர்.

சிரிப்பும் சண்டையும் அலுத்துவிட்டால், இத்தாலியின் ஜானினி, லுசாட்டி இருவரும் வெட்டி ஒட்டிய உருவங்களைக் கொண்டு 1964இல் செய்த 'லா காட்சா லாத்ரா'வைத் தேடிப் பாருங்கள். அதுவும் ரோசினியின் ஓவர்ச்சர்தான். மூன்று அரசர்கள் பறவை வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். ஒரு பறவை திருப்பிக் கொடுக்கிறது.

பேரனைத் தடுக்காதீர்கள். வாக்னர் படம் முடிந்த கையோடு 'வால்கிரிகளின் சவாரி'யை வாத்தியக்குழு வாசிப்பில் அவனுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. 'மேஜிக்கல் மேஸ்ட்ரோ' மட்டும் அவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு போதும், நீங்களும் பக்கத்தில் இருந்து.