குறிஞ்சி, கொன்றை, காந்தள்: கேரள எல்லைப் பக்கத்துக் கேள்விகள்

2030-ல்தான் குறிஞ்சி பூக்கும் என்கிறீர்கள். 2022-லேயே சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் பார்த்தோமே அண்ணா? (பூப்பாறை)

நீங்கள் பார்த்ததும் நீலக்குறிஞ்சிதான், நான் சொன்னதும் சரிதான். பன்னிரண்டு வருடக் கணக்கு எல்லா மலைக்கும் ஒன்றாக ஓடுவதில்லை. மூணாறை ஒட்டிய இரவிகுளம் பக்கம் 2006, 2018 என்று பூத்ததால் அடுத்தது 2030, கள்ளிப்பாறைக்கு அதன் சொந்தக் கணக்கு. அப்புறம், குறிஞ்சியில் வகைகள் நிறைய, சிலது வேறு இடைவெளியில் பூக்கும். பூத்து விதை விட்டதும் செடி காய்ந்துவிடும், வாழ்நாளில் அதற்கு ஒரே பூப்புதான் என்பதால் வண்டியில் செருக ஒரு கொத்து ஒடித்தாலும் போவது பன்னிரண்டு வருடம் காத்திருந்த விதை. கள்ளிப்பாறையில் கூட்டம் விட்டுப்போன பாட்டில்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், விடுங்கள்.

ஊருக்கு மேலே புல்மேடு சும்மா கிடக்கிறது. மன்றத்தில் 500 மரக்கன்று நடலாமா? (வட்டவடை)

வேண்டாம்! சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? மலை மடிப்பில் சோலை, சரிவில் புல், இதுதான் அந்த உயரத்தின் இயல்பு. வரையாடு மேய்வதும் குறிஞ்சி முளைப்பதும் அந்தப் புல்லில்தான், மழைநீரைப் பிடித்து மெல்ல ஓடைக்கு விடுவதும் அதுதான். உங்கள் ஊரை ஒட்டி 2006-ல் 32 சதுர கிலோமீட்டர் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவித்ததே இதைக் காப்பாற்றத்தான். வெறும் புல்தானே என்று நட்ட சீகையும் (வாட்டில் மரம்) தைலமரமும்தான் இன்று பெரிய தலைவலி, சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் கிடந்து தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும். மன்றத்துப் பையன்களுக்குக் கை துறுதுறுவென்றால் வனத்துறையிடம் அனுமதி கேட்டுச் சீகை நாற்றைப் பிடுங்கட்டும்.

விஷுவுக்கு என்று வைத்த கொன்றை ஐப்பசியில் பூக்கிறது, சித்திரையில் ஒரு பூ இல்லை. (சித்தூர், பாலக்காடு)

பூங்கொத்து மேல்நோக்கி நிற்கிறதா? அப்படியானால் அது சரக்கொன்றை இல்லை, மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் கொன்றை, மலையாளத்தில் ராட்சசக்கொன்ன. சரக்கொன்றையின் பூ சரமாகக் கீழே தொங்கும், இலையும் பெரியது. வயநாடு, முதுமலைக் காடுகளில் புல்லை வளரவிடாமல் பரவி நிற்பது இந்த ராட்சசன்தான். நானும் ஒரு நாற்றுப்பண்ணையில் ஏமாந்து வாங்கி, மூன்றாம் வருடம் வெட்டினேன், அடிக்கட்டையிலிருந்து விளக்குமாறு மாதிரி தளிர்த்துக்கொண்டு வந்தது. வெட்டுவது வீண்வேலை. சின்னதென்றால் மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்குங்கள், பெரிதென்றால் அடிமரப் பட்டையைச் சுற்றிலும் நன்றாக உரித்து நின்றபடியே காயவிடுங்கள். காய் முற்றும் முன்பே செய்யுங்கள்.

வேலியில் செங்காந்தள் வந்திருக்கிறது. குழந்தை இருக்கும் வீடு, எடுத்துவிடட்டுமா? (குமுளி)

பூவிலிருந்து கிழங்குவரை எல்லாமே விஷம், பயம் நியாயம்தான். குழந்தை தவழும் வயதென்றால் கையுறை போட்டுக் கிழங்கோடு தோண்டி, வீட்டுக்கு எட்டாத பின்வேலியில் வையுங்கள், இலை நுனியால் பற்றி அதுவே ஏறிக்கொள்ளும். கண்வலிக்கிழங்கு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு, வேலி வேலைக்கு வருகிற ஆளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.