கோழி கூண்டுக்குள்ளேயே கிடக்கிறது, தலையை மட்டும் காணோம்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகள் வளர்த்தேன். மூங்கில் கால், நாலு பக்கமும் கோழி வலை, மேலே நாட்டு ஓடு. பத்து நாளில் மூன்று கோழிகள் செத்துவிட்டன. மூன்றுமே காலையில் கூண்டுக்குள்தான் கிடந்தன, தலையும் கழுத்தும் இல்லை. ‘மரநாய் ரத்தம் குடித்திருக்கிறது, விஷம் வை’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். மீதிக் கோழிகளை இன்று இரவே வீட்டுக்குள் ஓர் அறையில் அடையுங்கள். ருசி கண்ட பிராணி மறுபடி வரும். திண்ணையில் பஞ்சாரம் போட்டு மேலே கல் வைப்பது போதாது, மூங்கில் இடுக்கில் தலை விட்ட கோழி தப்பாது.

ரத்தம் குடிக்கிற கதையை விடுங்கள். கோழி உள்ளேயே கிடக்கிறது என்பதுதான் இங்கே முக்கியமான தடயம். வந்த பிராணி நுழையும் அளவுக்கு வழி இருக்கிறது, கோழியை இழுத்துக்கொண்டு வெளியேறும் அளவுக்கு இல்லை. அதனால் கழுத்தைக் கடித்து, தின்ன முடிந்ததைத் தின்றுவிட்டுப் போகிறது. தெருநாய் என்றால் வலை கிழிந்திருக்கும், இறகு முற்றமெல்லாம் பறந்திருக்கும். பெருச்சாளி குஞ்சையும் முட்டையையும் தேடும், தரையில் வளையும் மண்குவியலும் இருக்கும். பாம்பு கழுத்தைத் தின்னாது. உங்கள் கூண்டுக்கு வருவது மரநாயாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கலாம்.

எது என்று பார்க்க, அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கூண்டைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குத் தூவுங்கள். காலையில் தடத்தில் ஐந்து விரல் தெரிந்தால் பெரும்பாலும் மரநாய். நாலு விரலும் நகக்குறி இல்லாமலும் இருந்தால் பூனை. மதில்மேல் பழக்கொட்டை நிறைந்த எச்சம் கிடந்தாலும் மரநாய்தான்.

வழி எங்கே? இருட்டிய பிறகு கூண்டுக்குள் ஒரு பல்பை எரியவிட்டு, வெளியே நின்று சுற்றி வாருங்கள். வலைக்கண்ணைவிடப் பெரிதாக வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் வழிதான். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பெரும்பாலும் ஓட்டுக்கும் வலைக்கும் நடுவில்தான் இருக்கும். நாம் கீழேயே பார்த்துக்கொண்டிருப்போம், மரநாயோ தென்னை மட்டையிலிருந்து கூரையில் இறங்கி, சரிந்த ஓட்டை நகர்த்திவிடும். ஓட்டுக்கு அடியிலும் வலை அடியுங்கள். கூரைமேல் தொங்குகிற கிளையை வெட்டிவிடுங்கள்.

கடையில் விற்கிற அறுகோணக் கோழி வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான். எதுவும் உள்ளே வராமல் தடுக்க அல்ல. மெல்லிய கம்பி, துருவேறினால் கையாலேயே பிய்க்கலாம். செலவு கூடினாலும் அரை அங்குல வெல்டு மெஷ் (குறுக்கும் நெடுக்குமாகக் கம்பியைப் பற்றவைத்த வலை) வாங்குங்கள். முழுக்கக் கட்டுப்படியாகாவிட்டால் கீழே மூன்றடிக்கும் மேலே ஓட்டு இடுக்குக்குமாவது போடுங்கள். மண்தரை என்றால், அதே வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடக்கித் தரையோடு படுக்கவைத்து மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்ட வருகிற பிராணி கூண்டோரமாகத்தான் தோண்டும், வலையில் நகம் மாட்டினால் விட்டுவிடும். கதவுக்குக் கயிறு வேண்டாம், மேலும் கீழும் தாழ்ப்பாள் வையுங்கள். பயத்தில் தார்பாய் போட்டு மூடிவிடாதீர்கள், காற்றில்லாமல் எச்ச நெடி ஏறினால் கோழிகளுக்குச் சளி பிடிக்கும். உட்கார இரண்டடி உயரத்தில் ஒரு கழி கட்டுங்கள், வலையோரம் ஒட்டாமல்.

விஷம் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு நாய் தின்னும், காக்கை தின்னும். மரநாயும் காட்டுப்பூனையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, கொன்றால் வழக்கு. வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியில் இழுத்துவிடுபவர்களும் உண்டு. அதில் மனிதனே சாகலாம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு கை குருணையைக் கூண்டுக்குள் போட்டுப் பழக்குங்கள், ஒரு வாரத்தில் தானாக வந்து அடையும். முருங்கையில் ஏறுகிற ஒன்றிரண்டை முதல் சில நாள் பிடித்துத்தான் விட வேண்டியிருக்கும். வேலை முடிந்ததும் மறுபடி சாம்பல் தூவுங்கள். மூன்று இரவு கூண்டோரம் தடம் விழாவிட்டால் கோழிகளைத் திரும்பக் கூண்டில் அடைக்கலாம்.