எஃகா, அலுமினியமா, காற்றா?

அன்புள்ள ஐயா,

மிதிவண்டி பற்றிய கட்டுரையில், இன்றும் எஃகுச் சட்டக வண்டியையே ஓட்டுவதாக எழுதியிருந்தீர்கள். என்னுடையது அலுமினியம். 60 கிலோமீட்டரைத் தாண்டினால் மணிக்கட்டும் முதுகும் வலிக்கின்றன. எஃகு அதிர்வை உள்வாங்கிக்கொள்ளும், அலுமினியம் உடம்பை உலுக்கிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எஃகுக்கு மாறினால் வலி தீருமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் டயரின் அகலம் என்ன, அதில் எவ்வளவு காற்று அடிக்கிறீர்கள் என்ற இரண்டையும் நீங்கள் எழுதவில்லை. நண்பர்களும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

உலோகமாக மட்டும் பார்த்தால், எஃகு அலுமினியத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது. எடையும் ஏறத்தாழ மூன்று மடங்கு. டைட்டானியம் இரண்டிலுமே நடுவில் நிற்கிறது. ஆகவே அலுமினியத்துக்கு ஒட்டிக்கொண்ட முரட்டுப் பெயர் உலோகத்தால் வந்ததல்ல, குழாயின் பருமனால் வந்தது. சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் எடை இரண்டு மடங்குதான் ஆகும், விறைப்போ எட்டு மடங்காகும். திரும்பத் திரும்ப வளைந்தால் அலுமினியம் எஃகைவிட எளிதில் களைத்து விரிசல் விடும் என்பதால், அது வளையவே கூடாதென்று 1980களில் கேனன்டேல் போன்ற நிறுவனங்கள் பருத்த குழாய்களைப் பயன்படுத்தின. அதே காலத்தில் பிரான்சின் விட்டஸ் 979 என்ற வண்டி, எஃகுச் சட்டகத்தின் அளவுக்கே மெலிந்த அலுமினியக் குழாய்களை ஒட்டிச் செய்யப்பட்டது. அது தொளதொளவென்று வளைகிறது என்பதே அதன் மேல் இருந்த குறை. அந்த வண்டியில்தான் அயர்லாந்தின் மிதிவண்டி வீரர் ஷான் கெல்லி பெரும் பந்தயங்களை வென்றார்.

இன்னொன்று, சட்டகம் என்பது இரண்டு முக்கோணங்கள். முக்கோணம் மேலிருந்து வரும் சுமைக்கு அநேகமாக அசைந்து கொடுக்காது. பள்ளத்தில் இறங்கும்போது டயர் பல மில்லிமீட்டர் அமுங்குகிறது, முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டும் சற்றே வளைகின்றன. இவற்றோடு ஒப்பிட்டால் சட்டகத்தின் பங்கு மிகச் சிறியது. பழைய எஃகு வண்டிகள் சொகுசாகத் தோன்றியதற்கு அவற்றின் அகலமான டயரும், இரு சக்கரங்களுக்கும் இடையிலிருந்த கூடுதல் நீளமும், சாய்ந்து வளைந்த ஃபோர்க்கும் காரணம். புகழை மட்டும் எஃகு வாங்கிக்கொண்டது.

அப்படியானால் நான் ஏன் எஃகை விடவில்லை என்று கேட்பீர்கள். மெலிந்த குழாய்களின் தோற்றம் எனக்குப் பிடிக்கும். விரிசல் விட்டாலும் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோகலாம். கார்பன் இழைச் சட்டகத்தில் அடிபட்டால் உள்ளே என்ன ஆயிற்று என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். எழுந்து நின்று அழுத்தி மிதிக்கும்போது எஃகுச் சட்டகம் பக்கவாட்டில் இலேசாக நெளிவதும் எனக்கு உவப்பானது, ஆனால் என்னைவிடக் கனமான என் நண்பருக்கு அதே நெளிவு எரிச்சலூட்டுகிறது. இவையெல்லாம் என் விருப்பம். உங்கள் மணிக்கட்டுக்கு இதில் மருந்து இல்லை.

25 மில்லிமீட்டர் டயரில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடித்து ஓட்டுபவராக இருந்தால், சட்டகத்திலும் பிரேக்கிலும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 32 மில்லிமீட்டர் டயர் போட்டு, உங்கள் எடைக்கு ஏற்றபடி காற்றைக் கணிசமாகக் குறையுங்கள். அதற்குப் பிறகும் மணிக்கட்டு வலித்தால் ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்திப் பாருங்கள். புதிய சட்டகத்தின் விலையில் சிறு பகுதிகூட இதற்கு ஆகாது.