கம்பனி கைவிட்ட மென்பொருளும் ப்ரொசெஸ் மொனிட்டரும்: கேள்வி பதில்

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து ஆபிஸ்களிலும் தேயிலை பேக்டரிகளிலும் கம்பியூட்டர் பார்க்கிறவன் நான். பழைய புரோகிராம்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: எதைத் தொடுவதானாலும் முதலில் டேட்டா போல்டரை வேறு டிஸ்க்கில் கொப்பி எடுத்து வையுங்கள்.

பொகவந்தலாவை, செக்ரோல் கிளாக்கர்: அண்ணே, எங்கள் செக்ரோல் (தொழிலாளரின் வேலைநாள், சம்பளக் கணக்கு) புரோகிராம் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய மொழியில் எழுதியது. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார். விண்டோஸ் 11இல் திறக்கிறது, ஆனால் மாதக் கடைசியில் சம்பளத்தை சேவ் பண்ணும்போது 'எரர் 75' என்று நின்றுவிடுகிறது. மைக்ரோசொப்ட்டின் ப்ரொசெஸ் மொனிட்டரை இப்படி ஆதரவில்லாத புரோகிராமுக்குப் பாவிக்கலாமா?

தாராளமாகப் பாவிக்கலாம் தம்பி. அந்தக் கருவிக்கு யார் எழுதிய புரோகிராம் என்பதெல்லாம் தேவையே இல்லை. புரோகிராம் எந்த பைலைக் கேட்டது, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) எதைத் தேடியது, விண்டோஸ் என்ன பதில் சொன்னது, எல்லாவற்றையும் வரி வரியாக எழுதி வைக்கும். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் கோக்ஸ்வெல்லும் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் வழியாக வந்தது அது, 2006இல் மைக்ரோசொப்ட் வாங்கிக்கொண்டது, இன்றைக்கும் இலவசம்.

செய்யவேண்டியது இதுதான். கொப்பி எடுத்தாயிற்றா? சரி. ப்ரொசெஸ் மொனிட்டரைத் திறந்து, பில்டரில் உங்கள் புரோகிராமின் பெயரை மட்டும் போடுங்கள். பிழை வரும்வரை ஓடவிட்டு, வந்த உடனே பதிவை நிறுத்துங்கள். 'நேம் நொட் பவுண்ட்' என்று நூற்றுக்கணக்கில் வரும், அதைக் கண்டு பயப்படவேண்டாம், விண்டோஸ் ஒரு பைலைப் பல இடங்களில் தேடும்போது அப்படித்தான் வரும். 'எக்ஸஸ் டினைட்' (அனுமதி மறுப்பு) என்ற வரியைத் தேடுங்கள். எரர் 75 என்பது பைலை அணுக முடியவில்லை என்ற பிழை, ஆகவே அநேகமாக 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள் எழுதப்போய் மறுக்கப்பட்ட வரி ஒன்று கிடைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் புரோகிராம்கள் தங்கள் போல்டரிலேயே டேட்டாவையும் எழுதும், அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு சாதாரண பாவனையாளருக்கு அங்கே எழுத அனுமதி இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். சில வேளைகளில் விண்டோஸ் மறுக்காமல், எழுதுவதை 'வெர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவான போல்டருக்குத் திருப்பிவிடும். அது ஒவ்வொரு பாவனையாளருக்கும் தனித்தனி. ஒரே மெஷினில் இரண்டு கிளாக்கர் வெவ்வேறு பெயரில் லொகின் செய்தால் ஆளுக்கொரு செக்ரோல் வளரும், பிழைச் செய்தி எதுவும் வராது, சம்பள நாளில்தான் தெரியவரும். இது எரர் 75ஐ விட மோசம். புரோகிராமை சி டிரைவில் தனி போல்டருக்கு மாற்றி, அந்த போல்டருக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுங்கள்.

தலவாக்கலை: 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால் எங்களுக்கு ஓடுகிறது. அப்படியே விடலாமா சேர்?

விடாதீர்கள். அதே மெஷினில்தான் ஈமெயிலும் பென்டிரைவும் திறக்கிறீர்கள். மேலே சொன்ன போல்டர் அனுமதியே போதும்.

பதுளை: டொஸ் காலத்து ஸ்டோர்ஸ் புரோகிராம் விண்டோஸ் 11இல் திறக்கவே இல்லை.

திறக்காது. 64 பிட் விண்டோஸில் டொஸ் காலத்து 16 பிட் புரோகிராம் ஓட இடமே இல்லை, விண்டோஸ் 11 முழுக்க 64 பிட். இதற்கு ப்ரொசெஸ் மொனிட்டர் உதவாது. டொஸ் மெஷின் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்ற புரோகிராமில் போட்டுப் பாருங்கள், டேட்டாவின் கொப்பியோடு மட்டும்.

பண்டாரவளை: ரிப்போர்ட்டில் தமிழ் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தாக வருகிறது.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பாருங்கள். மற்றதை எழுத்துரு தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

நுவரெலியா, ஐ.டி. படிப்பவர்: அண்ணா, செத்த புரோகிராமுக்கு ஏன் இவ்வளவு வைத்தியம்? டேட்டாவை எக்செலுக்கு எடுத்துவிட்டுப் புதியது வாங்கச் சொல்லுங்களேன்.

வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த பைலில் இருப்பது என்னவென்று தெரிந்து பேசுங்கள் தம்பி. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கிடைக்கவேண்டும். சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதம், தோட்டம் 12 வீதம். இருபது முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மா ஓய்வு பெறும்போது, வேலை செய்ததற்கு அத்தாட்சி அந்த செக்ரோல்தான். எக்செலுக்கு எடுத்தால் எழுத்தும் எண்ணும் வரும். அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்ட நாளுக்கு ஒரு குறி, பிரசவ லீவுக்கு ஒரு குறி, கைக்காசுக்கு ஒரு குறி என்று வைத்திருப்பார்கள், அந்தக் குறிகளின் அர்த்தம் புரோகிராமுக்குள்தான் இருக்கிறது. அதை ஓடவிட்டு ஒப்பிட்டுப் பார்க்காமல் மாற்றினால் யாருடைய நாட்கள் காணாமல் போகும்?

அதே தம்பி: அப்படியானால் காலமெல்லாம் பழையதையே கட்டி அழுவதா? பாதுகாப்பு?

பாதுகாப்பு பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14இலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே பழைய மெஷினை நெட்வேர்க்கிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஆனால் தூக்கி எறியும் நாளை வயதானவர்களின் கணக்கு சரிபார்த்து முடிந்த பிறகுதான் குறிக்கவேண்டும்.

மஸ்கெலியா, ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர்: அந்தத் தம்பிக்குச் சொல்லுங்கள், கடதாசிப் புத்தகங்கள் ஈரத்தில் ஊறிப்போன தோட்டங்களில் அந்த டிஸ்க்கைத் தவிர வேறு எதுவும் இல்லை.

அதுதான் ஐயா. அதனால்தான் கொப்பி, கொப்பி என்று கத்துகிறேன்.

கினிகத்தேனை: பழைய பொக்ஸ்ப்ரோ டேட்டாபேஸ் போல்டரைப் பல மெஷின்களில் பகிர, எஸ்எம்பி 1ஐ (நெட்வேர்க்கில் பைல் பகிரும் பழைய முறை) திரும்ப ஒன் பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் பைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வொனாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

வெலிமடை: 'உங்கள் விண்டோஸ் பதிப்பு பொருந்தாது' என்று இன்ஸ்டோலே ஆகவில்லை.

மைக்ரோசொப்ட்டின் கொம்பாட்டிபிலிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற கருவியில், புரோகிராமுக்குப் பழைய பதிப்பு எண்ணைக் காட்டும் ஷிம் (இடையில் நிற்கும் சின்ன ஒட்டு) இருக்கிறது. 32 பிட் புரோகிராமுக்கு 32 பிட் அட்மினிஸ்ட்ரேட்டரைத்தான் திறக்கவேண்டும், பலர் இதில்தான் தவறுகிறார்கள். பதிப்பு எண்ணை மட்டும் பார்க்கிற புரோகிராமுக்கு இது போதும், பழைய டிரைவர் கேட்கிறதுக்கு உதவாது.

லிந்துலை: எங்களுக்கும் எரர் 75. அட்மினிஸ்ட்ரேட்டரில் ஓடுகிறது. விடலாமா?

மேலே தலவாக்கலைக்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

ஹப்புத்தளை: புரோகிராம் திடீரென்று மூடிக்கொள்கிறது. ப்ரொக்டம்ப் என்ற கருவியால் மெமரியின் கொப்பி (டம்ப்) எடுத்து இங்கே போடட்டுமா?

எடுங்கள், இங்கே போடாதீர்கள். முழு டம்பில் அந்த நேரம் மெமரியில் இருந்த எல்லாம் வரும், தொழிலாளரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், சம்பளம் எல்லாம். முதலில் விண்டோஸின் பிழைப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, மூடிய நேரத்தில் எந்த மொடியூலின் (புரோகிராமின் துணைப் பைல்) பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்தப் பெயரை மட்டும் எழுதி அனுப்புங்கள்.