செக்ரோலில் இல்லாத பெயர்கள்

கேள்வி: 'மறக்கப்பட்ட வரலாறு' என்று தினம் ஒரு ஆய்வு நூல் வருகிறதே! இத்தனை வருடம் இல்லாத கதை இப்போது எங்கிருந்து முளைத்தது? பேராசிரியர்கள் பிழைப்புக்குக் கிளப்பிவிடுவதுதானே? – வாசகர், மன்னார்குடி

பதில்: பிழைப்புக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 'இல்லாத கதை' என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

சயாம் மரண ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து; இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட ரயில் பாதை அது. தாய்லாந்திலிருந்து பர்மாவின் தன்புசயாட் வரை 415 கி.மீ. 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்துவிட்டார்கள். வேலை வாங்கப்பட்ட வெள்ளைக்கார போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அதில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். இது உலகத்துக்கே தெரியும். 1957இல் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்று ஆங்கிலப் படமும் வந்தது. அதை எடுத்தது இலங்கையில், கித்துல்கலயில். சுற்றிலும் தோட்டத் தமிழர்கள் வாழும் நாட்டில் எடுத்த படத்தில், அந்தத் தண்டவாளத்தில் செத்த தோட்டத் தமிழனுக்கு இடமில்லை.

கைதிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பேராக அங்கே மண் சுமந்தவர்கள் ஆசியக் கூலிகள்: பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், தமிழர். மொத்தம் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேல். செத்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறது ஒரு மதிப்பீடு. மலாயாவிலிருந்து (இன்றைய மலேசியா) போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரில் ரப்பர் விற்கவில்லை, அரிசி கிடைக்கவில்லை. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி அழைத்தார்கள். அப்புறம் ஆள் கிடைக்காதபோது பிடித்தே லாரியில் ஏற்றினார்கள். கைதிகள் முகாமில் மருந்து இல்லாவிட்டாலும் ராணுவ டாக்டராவது இருந்தார். கூலி முகாமில் காலரா வந்தபோது பெரும்பாலும் அதுவும் கிடையாது.

காஞ்சனபுரி போர்க்கல்லறைக்குப் போனால், வெட்டிவிட்ட புல்லில் வரிசையாகக் கிட்டத்தட்ட 7,000 கல். பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. சிப்பாய்க்குப் பட்டாளத்துப் பதிவேடு இருந்தது, கல்லும் கிடைத்தது. நம் ஆளுக்கு இருந்ததெல்லாம் தோட்டத்துச் செக்ரோல், அதாவது கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) காலையில் பெயர் கூப்பிட்டுக் கோடு போடும் நோட்டு. லாரி ஏறியவனுக்கு அதிலும் கோடு கிடையாது. 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வந்தன. யார் பெயரை எதில் பொறிப்பது?

இதை யாரும் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. 'சயாமுக்குப் போனவர்' என்று சொன்னால் மலாயாத் தோட்டங்களில் அந்தத் தலைமுறைக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. கைதிகளின் நாட்குறிப்புகளிலேயே பக்கத்து முகாம் தமிழர்கள் ஈசல் மாதிரி செத்தது பதிவாகியிருக்கிறது. போர் முடிந்து நடந்த விசாரணைகளின் கோப்புகளும் இருக்கின்றன. பால் கிராடோஸ்கா போன்ற வரலாற்றாளர்கள் இந்தக் காகிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தது 2000க்குப் பிறகுதான். அதற்குள் உயிரோடு திரும்பியவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் புகார் உங்களுடையதற்கு நேர்மாறு, ஐயா: பேராசிரியர்கள் ரொம்ப லேட்!

மலாயாவுக்கு ஆள் போனது நாகப்பட்டினம் வழியாகவும்தான். 'ரஜூலா' கப்பல் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மாதாமாதம் வந்த பினாங்குக் கடிதம் 1942இல் நின்றுபோன வீடு உங்கள் தெருவிலேயே ஒன்று இருந்திருக்கலாம். ஒரு தடவை விசாரியுங்களேன். பேராசிரியர் மன்னார்குடிக்கு வந்து சேர இன்னும் நாளாகும்.