தங்கை "தேடிப்போய்" விழவில்லை

"சின்ன வயசில் சொந்தக்காரனால் சீரழிந்த என் தங்கை, கல்யாணத்திலும் ஏன் அப்படிப்பட்டவனையே தேடிப்போய் விழுந்தாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தேடியது அவளல்ல, அவன். கேட்க ஆளில்லாத பெண் யார் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவன். முதல் மாதம் போனை வாங்கிப் பார்ப்பான், தோழி வீட்டுக்குப் போனால் மூஞ்சியைத் தூக்குவான். எதிர்ப்பு வரவில்லையா, அடுத்தது கை நீளும்.

அவளுக்கு உறுத்தாமல் இருக்காது. ஆனால் எட்டு வயதில் உடம்பு பதறியபோது வீடு "சத்தம் போடாதே, மானம் போகும்" என்றதே, அன்றைக்குப் படிந்தது உறைந்து நிற்கிற பழக்கம். வளர்ந்த பிறகும் பயம் வந்தால் அதுதான் முந்தி வரும். பார்க்கிறவர்கள் அதைச் சம்மதம் என்பார்கள். 2019-ல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேருக்குப் பிற்பாடும் அது நடந்திருந்தது. மீதிப்பேருக்கு நடக்கவில்லை; தலையெழுத்து என்று நான் சொன்னதாகச் சண்டைக்கு வராதீர்கள்.

நம்ம குமரி மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலிடம். படித்து என்ன? விஷயம் கசியுமுன் பவுன் பேசி அவசரக் கல்யாணம். அத்தனை பவுன் போட்ட வீடு, அடி வாங்கினாலும் பிள்ளையைத் திரும்ப அழைக்கத் தயங்கும். இது அவனுக்கும் தெரியும்.

"அப்பவே ஏன் சொல்லல" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆதார், வங்கிப் புத்தகம், கொஞ்சம் ரொக்கம், ஒரு போன் அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். 181 பெண்கள் உதவி எண். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதுவார். புருஷன் மேல் மட்டுமல்ல, ஒரே வீட்டில் வாழ்ந்த அப்பா, அண்ணன் மேலும் இதில் மனுப் போடலாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமலே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் போய்க் கேளுங்கள்.

மனசுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போக முடியாவிட்டால் 14416 மனநல உதவி எண்ணுக்குப் போன் போடலாம். முதல் நாளே முழுக்கதையையும் சொல்ல வைக்காதீர்கள். தூக்கம் கெட்டு, மறுமுறை வரவே மாட்டாள். உறவில் பெரியவர்கள் "இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவோம்" என்பார்கள்; ஒத்துக்கொள்ளாதீர்கள். அவன் எதிரே அவள் வாய் திறந்தால், வீட்டுக்கதவு சாத்தியதும் அதற்கு அடி விழும்.