பாட்டுக்கு அழுகிறேன், சாமிக்கு இல்லை

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு 42 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறேன், கூட்டுறவு வங்கியில் வேலை. அப்பா திராவிடர் கழகத்துக்காரர். என் கல்யாணம் ராகுகாலத்தில், தாலி இல்லாமல் நடந்தது. கணவரும் கழகக் குடும்பம்தான். கடவுள் இல்லை என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மிஷன் பள்ளி விடுதியில் இருந்தேன். சேர்த்துவிட்டதே அப்பாதான். "படிப்பு நல்லா இருக்கும். பைபிள் வாசிக்கிறதைக் கேட்டா காது ஒண்ணும் அறுந்து விழாது" என்றார். தினமும் சாயங்கால ஜெபத்தில் வார்டன் அக்கா காலால் மிதித்து ஆர்கன் வாசிப்பார், நாங்கள் பாடுவோம். கீர்த்தனை, பாமாலை என்ற பாட்டுப் புத்தகங்கள் இரண்டிலும் பாதிக்கு மேல் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். அதிலும் "சத்தாய் நிஷ்களமாய்" என்றால் உயிர். "அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை ஆருறவே" என்று முடிகிற இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

படிப்பு, வேலை, பிள்ளை என்று ஆன பிறகு இதெல்லாம் எங்கோ போய்விட்டது. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அவர் எழுதிவைத்தபடி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தோம். படத்திறப்புக்கு நிறைய தோழர்கள் வந்தார்கள். நான்தான் நன்றியுரை. எல்லாம் நல்லபடியாக நடந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தப் பழக்கம் திரும்ப வந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சி.எஸ்.ஐ. கோயில் (தென்னிந்தியத் திருச்சபையின் தேவாலயம்) இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பாடகர் குழு பயிற்சி எடுக்கும்போது, காய் வாங்குகிற சாக்கில் போய் காம்பவுண்டுச் சுவரோரம் நிற்கிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்செட் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். ஒருநாள் என் போனை வாங்கிப் பார்த்த கணவர், யூடியூபில் வரிசையாகக் கிறித்தவப் பாட்டு இருப்பதைப் பார்த்துவிட்டார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. உறவினர்கள் கூடியிருந்த ஒரு விசேஷத்தில், "மாமா போனதும் மகள் கோயிலுக்குக் கிளம்பிட்டா" என்று சிரித்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனைக்கும் அவர் காரில் இளையராஜாவின் திருவாசகம் ஓடாத நாள் கிடையாது. கேட்டால், "அது தமிழ், இது மதம்" என்கிறார்.

அலுவலகத் தோழி ஒருத்தி அந்தக் கோயில் கொயரில் இருக்கிறாள். நான் முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, ஆல்டோவுக்கு (பெண்களின் கீழ்க்குரல் வரிசை) ஆள் இல்லை, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்காவது வா என்று கூப்பிடுகிறாள். கூடவே "கர்த்தர் உன்னோடு பேசுகிறார், நீதான் காதைப் பொத்திக்கொள்கிறாய்" என்றும் சொல்கிறாள். போன வாரம் என் 13 வயது மகள் கேட்டாள், "சாமி இல்லைன்னு சொல்றீங்க, அப்புறம் சாமி பாட்டுக்கு ஏம்மா அழறீங்க?" பதில் வரவில்லை.

நான் வேஷம் போடுகிறேனா? அல்லது எனக்கே தெரியாமல் மாறிக்கொண்டிருக்கிறேனா? கொயரில் சேரலாமா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

---

அன்புத் தோழிக்கு,

மகள் கேட்டது நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவதும் பாட்டு சொல்வதை உண்மை என்று ஒப்புக்கொள்வதும் வேறு வேறு. 2011இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. இசை கேட்டு மெய்சிலிர்க்கும் பழக்கம் உள்ளவர்களை, அவரவருக்குப் பிடித்த இசையையே கொண்டுவரச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். சிலிர்ப்பு வரும் கணத்தில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சுரப்பது தெரிந்தது. அந்த இடம் வரப்போகிறது என்று மனம் காத்திருக்கும்போதே மூளையின் வேறொரு பகுதியில் சுரப்பு தொடங்கியிருந்தது. அவர்கள் கேட்டதெல்லாம் சொல் இல்லாத வாத்திய இசை. நம்புவதற்கோ மறுப்பதற்கோ அதில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது, ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது. உங்களுக்கோ, "ஆர்துணை ஆருறவே" வரப்போவது பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். அந்த வயதில் கேட்ட பாட்டு பெரும்பாலும் மற்ற வயதில் கேட்டதை விட ஆழமாக ஒட்டிக்கொள்ளும். எந்தத் தலைமுறை ஆளைக் கேட்டாலும் பெரும்பாலும் தங்கள் அந்தப் பருவத்துப் பாட்டைத்தான் சொல்வார்கள். வீட்டை விட்டு விடுதியில் இருந்த பிள்ளைக்குச் சாயங்காலப் பாட்டு எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் வேஷம் என்ற பேச்சே வேண்டாம். நம்பாததை நம்புவதாகச் சொன்னால்தான் அது வேஷம். நீங்கள் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

உங்கள் நிலையில் இருந்தவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. 1906இல் வந்த 'இங்கிலீஷ் ஹிம்னல்' என்ற ஆங்கிலத் திருச்சபைப் பாட்டுப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ். பாதிரியாரின் மகன். ஆனால் இளம் வயதிலேயே நாத்திகர், பிற்பாடு கடவுள் உண்டா இல்லையா என்று சொல்ல முடியாது என்ற நிலைக்கு வந்தவர். அந்த மனிதர் கிராமத்து நாட்டுப்பாடல் மெட்டுகளைத் தேடிப் பிடித்து வழிபாட்டுப் பாட்டுக்குப் பொருத்தினார். நூறு வருஷம் தாண்டியும் சபைகள் அவற்றைப் பாடுகின்றன.

உங்கள் கணவரின் "அது தமிழ், இது மதம்" பற்றி எனக்குக் கொஞ்சம் வாதாட வேண்டும் (ஆலோசகர் வாதாடக் கூடாது, தெரியும்). "சத்தாய் நிஷ்களமாய்" எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை உங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர். வைணவக் குடும்பத்தில் பிறந்து, தமிழாசிரியராக இருந்து, 1858இல் கிறித்தவரானவர். அந்தப் பாட்டைச் சுந்தரரின் "பொன்னார் மேனியனே" பதிகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாடிப் பாருங்கள். ஒரே சந்தம். அங்கே "அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே", இங்கே "அத்தா உன்னையல்லால் எனக்கு ஆர்துணை ஆருறவே". திருமழபாடிச் சிவனுக்குப் பாடியது ஏசுவுக்கு வந்திருக்கிறது. எதிர்த் திசையிலும் இது நடந்திருக்கிறது. திருவாசகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்ட ஜி.யு. போப் மதம் பரப்ப வந்த பாதிரியார், கடைசிவரை கிறித்தவராகவே இருந்தவர். உங்கள் வீட்டுக் காரில் ஓடுகிற இளையராஜாவின் திருவாசகம் 2005இல் வெளிவரக் காரணமாக இருந்தவர் ஜெகத் கஸ்பர் ராஜ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். மணிவாசகரைக் கேட்டு உங்கள் கணவர் சைவராகிவிடவில்லை. உங்களுக்கும் அதே சலுகையைக் கேளுங்கள்.

பொது மேடைகளில் கடவுள் வாழ்த்து பாடும்போது பெரியார் எழுந்து நின்றதைக் கழகத்தார் எல்லோரும் சொல்வார்கள். உங்கள் கணவரும் சொல்லுவார். ஆனால் அது சபை நாகரிகம். நீங்கள் மரியாதைக்காகப் பாட்டைச் சகித்துக்கொள்ளவில்லை, ஆசையாகத் தேடிப் போய்க் கேட்கிறீர்கள். அதனால் பெரியாரைத் துணைக்கு அழைத்து இதை நியாயப்படுத்த வேண்டாம். பிடித்திருக்கிறது, அதனால் கேட்கிறேன் என்பதே போதும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அப்பாவைப் பற்றி எழுதிய பத்தி மட்டும் ஓர் ஆண்டறிக்கை மாதிரி இருக்கிறது. உடல் கொடுத்தோம், தோழர்கள் வந்தார்கள், நன்றியுரை, நல்லபடியாக நடந்தது. மற்ற எல்லா இடத்திலும் தொண்டை அடைக்கிறது, முகத்தில் அறைந்த மாதிரி இருக்கிறது, அங்கே மட்டும் ஒன்றுமே இல்லை. படத்திறப்பு மேடையில் நன்றியுரை சொல்லக் கையில் தாளோடு நிற்கிற மகள் அழ முடியாது. யார் பெயரும் விட்டுப்போகக் கூடாது, மைக்கில் குரல் உடையக் கூடாது. எல்லோரும் அவர் கொள்கையைப் பற்றிப் பேசியிருப்பார்கள், அதுதான் முறை, அவருக்கும் அதுதான் பிடித்திருக்கும். உடலும் கல்லூரிக்குப் போய்விட்டதால், போய் உட்கார்ந்து அழ ஓர் இடமும் இல்லை. சடங்கு வேண்டாம் என்று முடிவெடுத்த குடும்பங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இது. முடிவு தவறில்லை. ஆனால் ஒப்பாரியும் காரியமும் செய்துகொண்டிருந்த வேலை ஒன்று உண்டு, அதற்கு மாற்றாக எதையும் வைக்காமல் விட்டுவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் திரும்ப வந்தது அப்பா போன பிறகு என்று நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். தொண்டை அடைக்கிற வரி எது என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நான் விளக்க வேண்டியதில்லை. இது என் ஊகம்தான், தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஒருதரம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, கணவர் பக்கத்தில் இருக்கும்போது அந்தப் பாட்டைப் போட்டு, அப்பா ஞாபகம் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேலி செய்தது அவருக்குள் இருக்கும் ஒரு பயத்தால் என்றுதான் நினைக்கிறேன். அர்த்தராத்திரியில் ஒளிந்து கேட்டால் யாருக்கும் ஏதோ இருக்கிறது என்றுதான் தோன்றும். அதற்காக உறவினர் முன்னால் அப்படிப் பேசியதை விட்டுவிட வேண்டாம். அது வலித்தது என்பதையும் அதே நாளில் சொல்லுங்கள்.

மகளிடமும் இதையே சொல்லலாம். "பாட்டு அழகா இருக்கு, அதைக் கேட்டா தாத்தா ஞாபகம் வருது. சாமி இல்லைன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்." பதின்மூன்று வயதுக்கு இது புரியும். புரியாவிட்டால் திரும்பக் கேட்பாள், கேட்கிற பிள்ளைதானே.

தோழி விஷயத்துக்கு வருகிறேன். அவர் உங்களை வலையில் சிக்கவைக்கப் பார்க்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் நம்பிக்கைக்குள் இருந்து பார்த்தால் உங்கள் கண்ணீருக்கு அந்த ஓர் அர்த்தம்தான் இருக்க முடியும். "உன் பாட்டு எனக்குப் பிடிக்கும், உன் நம்பிக்கை எனக்கு இல்லை, இனியும் வரும் என்று காத்திருக்காதே" என்று ஒரே ஒருமுறை, சிரித்த முகத்தோடு, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் கர்த்தர் பேசுகிறார் என்று விடாமல் சொன்னால் அப்போது யோசிக்கலாம்.

கொயர்? கூடிப் பாடுவதில் உடம்புக்கே ஒரு சுகம் உண்டு. 2013இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் 18 வயது மாணவர்களைத் திருச்சபைப் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடவைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். அடி முடிகிற இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதால், துடிப்பும் சேர்ந்தே ஏறி இறங்கியது. தனியாக ஹெட்செட்டில் இது கிடைக்காது. ஆனால் ஞாயிறு ஆராதனையில் அங்கி போட்டுப் பாடகர் வரிசையில் நிற்பது வேறு விஷயம். பார்ப்பவர்கள் உங்களை விசுவாசி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள், அதில் சபைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கேரல் ரவுண்ட்ஸ் அப்படியில்லை, தெருத்தெருவாகப் போய்ப் பாடுவது. அதிலிருந்து தொடங்குங்கள். போவதற்கு முன் கொயர் மாஸ்டரிடமும் ஐயரிடமும் (சபைப் போதகர்) "நான் கிறித்தவள் இல்லை, ஆகப்போவதும் இல்லை, பாட மட்டும் வரலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள், அது அவர்கள் வீடு. சரி என்றால், வாயில் வராத வரி வரும்போது பேசாமல் இருந்துவிடுங்கள், ஆல்டோவில் ஒரு குரல் குறைந்தால் யாருக்கும் தெரியாது. எப்போதாவது ஆராதனைக்குப் போக நேர்ந்தால் திருவிருந்து (விசுவாசிகளுக்குத் தரும் அப்பமும் ரசமும்) எடுக்க வேண்டாம். "வேறு மதத்திலிருந்து வந்து பாடுகிற சகோதரி" என்று அறிமுகப்படுத்தி, கடவுள் உங்களுக்குச் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல அழைத்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். அங்கே வாயைத் திறந்தால்தான் நீங்கள் பயப்படுகிற வேஷம் தொடங்கும்.

இந்த அழுகை பாட்டோடு நிற்காமல் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது, வங்கி வேலையில் மனம் நிற்கவில்லை என்றால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அங்கே பேச வேண்டியது அப்பாவைப் பற்றி.